பண்டாரியின் கத்தி

வினிகரிலிருந்து எடுத்தபோதும் கத்தி அசிங்கமாகத்தான் இருந்தது. துரு இளகி மேலே சேறு மாதிரிப் படிந்திருக்கிறது, விரலால் வழித்தால் விரல் செங்கல் நிறமாகிறது, வழித்த இடத்தில் கறுப்பு. கறுப்புக்குக் கீழே என்ன இருக்கும். இரும்புதான் இருக்கும், வேறென்ன இருக்கப்போகிறது. பின்கட்டில் துவைக்கிற கல்லின் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை மதியம். சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, அம்மா உள்ளே ஃபேனுக்குக் கீழே படுத்துவிட்டாள், என் வீட்டுக்காரர் ரெய்மண்ட் துறைமுகத்தில் எடைமேடை வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார். இனி இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உப்புத்தாளைக் கிழித்து, நனைத்து, ஒரு கட்டையில் சுற்றி, கத்தியின் மேல் வைத்து இழுக்கிறேன். சர்ர் என்று ஒரு சத்தம். சிப்பி கிடக்கிற கரையில் அலை பின்னால் போகும்போது இப்படித்தான் கேட்கும். இழுத்தால் அலை போகிறது, தள்ளினால் வருகிறது. கொஞ்ச நேரத்தில் நான் இழுக்கிறேனா, அதுவே போய்வருகிறதா என்று தெரியாமல் போய்விடுகிறது. கண்ணை மூடினால் கல்லும் நானும் சேர்ந்து லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. வெயில் சுவரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கொடியில் தொங்குகிற ரெய்மண்டின் சட்டை காற்றில் கையைத் தூக்கித் தூக்கி யாரையோ கூப்பிடுகிறது.

அப்பா தோணியில் பண்டாரியாக இருந்தார். பண்டாரி என்றால் சமையல்காரர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் காய்கறியும் கருங்கல்லும் ஏற்றிக்கொண்டு போகிற தோணிகளில், ஆடுகிற அடுப்புக்கு முன்னால் காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றே அவருக்கு ஆயுள் போனது. கரையில் நடக்கும்போதும் அப்படித்தான் நடப்பார், தெரு எந்த நேரத்திலும் சாய்ந்துவிடும் என்பதுபோல. காற்றுக் காலத்தில் தோணி ஓடாது. அந்த மாதங்களில் மட்டும்தான் எனக்கு அப்பா. அவர் வந்து இறங்கும்போது சட்டையில் டீசல் வாசனையும் வெங்காய வாசனையும் சேர்ந்து அடிக்கும், நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். அவருக்கும் என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாது. அதனால் மாங்காய் உரிப்பார். இந்தக் கத்தியால்தான். தோலை எங்கேயும் அறுபடாமல் ஒரே நாடாவாக உரித்து, அதை என் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டு, தள்ளி நின்று பார்ப்பார். பால் பட்டுக் கழுத்து அரிக்கும். அரிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த முறை போடமாட்டாரே. லாரியின் வில்பட்டையை அடித்துச் செய்த கத்தி இது, கொழும்பில் வாங்கியது. அப்போது என் கை அகலத்துக்கு இருந்தது. தீட்டித் தீட்டித் தேய்ந்து நடுவில் உள்வாங்கி, இப்போது பிறை மாதிரி இருக்கிறது. மீதி எங்கே போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போயிருக்கும், கறிக்குள் போயிருக்கும், தோணிக்காரர்கள் வயிற்றுக்குள் போயிருக்கும். எனக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கலாம்.

பிடி மட்டும் கெடவில்லை. தோணிக்கு அடிக்கிற செம்பு ஆணி இரண்டைப் போட்டு அப்பாவே பொருத்திய பிடி, அவர் விரல் பதிந்து பதிந்து பள்ளமான பிடி. நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் மரம் கண் திறந்தது. உள்ளே கரும் பழுப்பில் ரேகை ஓடுகிறது. இந்த மரத்தின் பெயர், இது, இந்த மரம், தோணி கட்டுகிற இடத்தில் மிஞ்சிய துண்டு என்று அப்பா சொன்னாரே, இந்த மரம். வேம்பு இல்லை. வாகை இல்லை. புங்கை இல்லவே இல்லை. இலை தெரிகிறது எனக்கு. நெஞ்சு வடிவத்தில் பெரிய இலை, நுனி மட்டும் கூர். அதைச் சுருட்டி வாயில் வைத்து ஊதினால் பீப்பீ என்று சத்தம் வரும், கோயிலுக்குப் பின்னால் நின்ற மரத்தில் பறித்து நாங்கள் ஊதிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்குப் போவோம், சிஸ்டர் பிடுங்கிப் போடுவார்கள். பூ காலையில் மஞ்சள், வாடும்போது சிவப்பு. காயை உடைத்தால் மஞ்சள் பால். கம்பளிப்பூச்சி விழும். எல்லாம் இருக்கிறது. பூ இருக்கிறது, பூச்சி இருக்கிறது, இலையின் பச்சை வாடை நாக்கில் இருக்கிறது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு குழி. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடிப் போகிற மாதிரி மனம் அங்கேயே போகிறது. விடு. யோசிக்காமல் இருந்தால் தானாக வரும். உப்புத்தாளை மாற்று. நயமான தாள். சர்ர். யோசிக்கவில்லை. நான் யோசிக்கவே இல்லை. வரவில்லையே.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவளுக்குப் பெயர்தானே பிழைப்பு. ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர்கள், ஓரெழுத்து மாறினால் வேறு நோய்க்கானவை. ஜெசிந்தா மேடத்தை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க என்று கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். போன மாதம் ஒரு பெண் சீட்டை நீட்டினாள். இடுப்பில் குழந்தை, குழந்தையின் மூக்கில் சளி. சீட்டில் எழுதியிருந்ததை வாசித்தேன், வாசிக்க முடிந்தது, ஆனால் வாசித்தது எதுவாகவும் ஆகவில்லை. வெறும் எழுத்தாகவே நின்றது. திரும்பி அலமாரியைப் பார்த்தேன். பெட்டி பெட்டியாக நிறங்கள். ஒரு திருவிழாக் கடைக்கு முன்னால் தொலைந்துபோன பிள்ளைபோல நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. குழந்தை தும்மியது, அலமாரி மறுபடி அலமாரி ஆனது, கை போய் சரியான பெட்டியை எடுத்தது. எடுத்ததை நம்பாமல் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டிச் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். அவள் சிரித்தாள், எல்லாருக்கும் வர்றதுதான் மேடம் என்றாள். எல்லாருக்கும் வருவதுதான். தூக்கம் போதாது. இந்த வயதில் உடம்பு மாறுகிறது, புத்தகத்தில் இருக்கிறது, நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் யாரும் என் அப்பா கஸ்பாரின் மகள்கள் இல்லை. அவர்களுக்கு அப்பாவிடமிருந்து கத்தி மட்டும் கிடைத்தால் கத்தியோடு போயிற்று. திங்கட்கிழமை திருநெல்வேலியில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் பதிந்திருக்கிறேன். ரெய்மண்டிடம் சங்கத்து மீட்டிங் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டி, டிபன் கட்டிட்டுப் போ, அங்க ஹோட்டல்ல எண்ணெய் சரியிருக்காது என்றார். அதைக் கேட்டு நான் ஏன் அடுப்பங்கரைக்குள் போய் நின்றேன். அவரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் என்பதையும் ஒருநாள் மறந்துபோவேனோ. மறந்தால் அது பொய்யா, என்னவாகும் அது.

அப்பாவுக்கு முதலில் கரைதான் மறந்தது. வீட்டில் இருந்துகொண்டே தோணியில் இருந்தார். கொழும்பு விளக்கு தெரியுதா என்று கேட்பார். ஜன்னலைச் சாத்தினால் அலை ஏறுமா என்பார். அம்மாவைத் தண்டல் என்று கூப்பிடத் தொடங்கினார். தண்டல்தான் தோணிக்குத் தலைவர், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அம்மாவின் முன்னால் கைகட்டி நின்று, தண்டல், இன்னைக்கு மீனா கருவாடா என்று மரியாதையாகக் கேட்பார். ஆயுள் முழுக்க அம்மாவிடம் அவர் அப்படிக் கேட்டதில்லை. அம்மாவும் கொஞ்ச நாள் அழுதுவிட்டுப் பிறகு தண்டலாகவே ஆகிவிட்டாள். கருவாடு வையும், காத்து நல்லாருக்கு, போய்ப் படும் என்று அதிகாரமாகச் சொல்வாள், அவர் சொன்னபடி கேட்பார். நான் பார்க்கப்போகும் நாட்களில் என்னை யாரென்று கேட்காமல் ஓரமாக உட்காரச் சொல்வார். தோணியில் பெண்கள் வருவதில்லையே, யாரோ பயணி என்று நினைத்திருப்பார். ஒருநாள் இந்தக் கத்தியோடு தெருவில் இறங்கி, வெங்காய மூட்டை எங்கே என்று ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டிருக்கிறார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் அலறி உள்ளே ஓடியிருக்கிறார்கள். அன்றைக்கே அம்மா கத்தியைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள். அவருடைய பழைய பனியனில் சுற்றிப் பரணில் எறிந்தது, கடல் காற்று பனியனுக்குள் புகுந்து தின்றுவிட்டது. அவர் தேடினார். முதலில் கத்தி எங்கே என்று தேடினார். பிறகு கத்தி என்ற வார்த்தையும் போய்விட்டது. வலதுகையைக் குவித்து, கட்டிலின் சட்டத்தில் வைத்து, மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டுவார். நறுக்குகிற கை. டக் டக் டக் என்று வாயாலேயே சத்தம் போடுவார். நான் தெரியாதவள்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கை, குவிந்த அந்தக் கை, இதோ இந்தப் பிடியின் பள்ளம். என் விரல்களை ஒவ்வொன்றாக அதில் வைக்கிறேன். பொருந்துகிறது. ஏன் இப்படிப் பொருந்தவேண்டும். என் கை சின்னக் கைதானே, அம்மாவின் கை என்றுதானே எல்லோரும் சொல்வார்கள். பொருந்தாமல் இருந்தால் தேவலை என்று நினைத்து இறுக்கிப் பிடிக்கிறேன், இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. மரத்தின் பெயர் வந்துவிட்டால் போதும். பெயர் வந்தால் எனக்கு ஒன்றுமில்லை. வராவிட்டால். காற்றில் உப்பு கூடிவிட்டது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது, பீப்பீ, அந்த இலை, அந்த இலையின் மரம், ஊதுகிறது, ஊதிக்கொண்டே

தாள் விலகிக் கத்தி பெருவிரலில் ஏறிவிட்டது. வலிக்கவில்லை. முதலில் வெள்ளையாக ஒரு கோடு, பிறகு கோடு சிவந்தது. தீட்டவே இல்லையே இன்னும், இத்தனை வருஷத் துருவுக்குள்ளும் அதற்கு அறுக்கத் தெரிந்திருக்கிறது. குழாயைத் திறந்து விரலை நீட்டினேன். தண்ணீர் வாளியில் கொட்டுகிற சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டாள். கொண்டை அவிழ்ந்து, சேலை தோளில் இல்லாமல், தூக்கம் ஒரு பக்கக் கன்னத்தில் பாய்க்கோடாகப் பதிந்திருக்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலைப் பார்த்தாள். உள்ளே போனாள், ஏதோ கிழிக்கிற சத்தம் கேட்டது. பழைய சேலைத் துண்டை நனைத்து விரலில் இறுக்கிச் சுற்றி, பல்லால் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். பிறகு என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதை அவள் கையில் எடுத்து நான் பார்ப்பது இப்போதுதான். அப்பா இறந்தபின் எங்களோடு இருக்க வந்து, பரணிலிருந்து எடுத்த கத்தியைத் தந்தபோதுகூட பனியனோடு சேர்த்துத்தான் தந்தாள், தொடவில்லை.

"பூவரசங்கட்டை," என்றாள் பிடியைத் தடவிக்கொண்டு. "இன்னும் உளுக்கல பாத்தியா."

பூவரசு. அட, பூவரசு. இத்தனை நேரமும் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தேனே, பெயரிலேயே பூ இருக்கிறதே. சந்தோஷம்தான் வரவேண்டும். அழுகைதான் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக, வாயைக் கோணிக்கொண்டு. எரியுதா என்று அம்மா விரலைத் தூக்கிப் பார்த்தாள். எரியவில்லை என்று தலையாட்டினேன். இவளிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒருத்தரைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்தவளிடம் எந்த வாயால் இதைச் சொல்வது.

"எனக்கு அந்தப் பேரு வரலம்மா," என்றேன். "இலை, பூ எல்லாம் தெரியுது. பேரு வரல. இப்பல்லாம் நெறையப் பேரு வரமாட்டேங்குது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியில் ஆடுகிற சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை கையைத் தூக்கிற்று, இறக்கிற்று. அவள் முகத்தில் எதுவும் மாறாதது எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் நடந்ததைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன், மீட்டிங் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சின்னதாகவும் ஆயிற்று, நிஜமாகவும் ஆயிற்று. எல்லாம் கேட்டுவிட்டு அவள் அப்பாவைப் பற்றிப் பேசினாள். எனக்குத் தெரியாத ஒன்று. தோணியை விட்டுக் கரைக்கு வந்த புதிதில், வீட்டில் சமைக்கும்போதெல்லாம் அவர் அகப்பையை நீட்டி, உப்புப் பாரு என்று அவளைக் கூப்பிடுவாராம். யாரையும் அடுப்பின் பக்கம் அண்டவிடாத மனிதர், இத்தனை காலம் கழித்து நம் வாய்க்கு மதிப்புக் கொடுக்கிறாரே என்று இவளுக்குப் பெருமையாக இருந்ததாம். அக்கம்பக்கத்தில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். உப்புப் போட்டோமா போடவில்லையா என்றே அவருக்கு நினைவில்லை, அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்பது பிற்பாடு, எல்லாம் முற்றிய பிறகுதான் அவளுக்கு விளங்கியதாம்.

"அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "சொல்லல. சொல்லியிருந்தா ரெண்டு பேருமாப் பயந்திருப்போம். தனியாப் பயந்துக்கிட்டுக் கெடந்திருக்காவ."

அடுப்பின் முன்னால் அகப்பையோடு நிற்கிற அப்பாவைப் பார்த்தேன். காலை அகட்டி நிற்கிறார். தரை ஆடுகிறது, அவருக்கு மட்டும். எதிரில் அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கி, சரியாருக்கு என்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு. அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குள்ளே எவ்வளவு ஆழத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை தண்ணீருக்கு மேலே நீட்டினார், நாங்கள் அதில் உப்புப் பார்த்தோம். நானும் அப்படித்தானே அந்தப் பிள்ளையிடம் மருந்துப் பெட்டியை நீட்டினேன். அவளும் சிரித்தாள்.

அம்மாவிடம் கேட்டுவிடவேண்டும் என்றிருந்தது. கேட்டேன். "நானும் அப்பா மாதிரி ஆயிட்டா, இதை ஒளிச்சு வச்சிருவியா?"

"வைப்பேன். மொத நாளே வைப்பேன்," என்றாள் அம்மா, யோசிக்காமல். கொஞ்சம் கழித்து, "நான் இருந்தா," என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இது நெஞ்சில் ஒரு கல்லை வைத்தது போலவும் இருந்தது, அடியில் தரை இருக்கிறது என்று தெரிந்த மாதிரியும் இருந்தது. நான் இருந்தா. இருக்கமாட்டாள். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அவளும் அதைத்தான் நினைத்திருக்கவேண்டும், ஒன்றும் இல்லாததுபோல, மாப்ளைட்ட சொல்லிரு என்றாள். வந்து காப்பி குடித்தபிறகு என்று தள்ளிப்போடாமல், வந்ததும் சொல்லிவிடச் சொன்னாள்.

சாணைக்கல்லை நனைத்துக் கத்தியை வைத்தேன். கட்டுப்போட்ட விரல் இடைஞ்சல் செய்தது, பழகியது. துருவெல்லாம் போய்விட்டது, ஆனால் துரு தின்ற குழிகள் போகவில்லை, உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி. குழிகள் போகும்வரை தேய்த்தால் கத்தியே மிஞ்சாது. இருக்கட்டும். இப்போது அலை இல்லை, கல்லின் மேல் இரும்பு போகிற மெல்லிய, ஈரமான ஒலி, யாரோ தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி. நுனியிலிருந்து பிடிவரை ஒரு வெள்ளிக் கோடு விழுந்தது. அதன் மேல் வெயில் ஓடியது, என் கையிலும் சுவரிலும் ஓடியது, அம்மாவின் நரைத்த தலையில் ஒரு நொடி நின்றது. ஒன்றும் நினைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு என்னவெல்லாம் இருக்குமோ, இந்தக் கோடு இப்போது இருக்கிறது. அம்மா கத்தியை வாங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வெங்காயம் நறுக்குகிற சத்தம் வந்தது. அரிவாள்மணையில் உட்கார்ந்தே பழகியவள், கத்திக்கு அவளுடைய கை தடுமாறியது. டக் என்று ஒன்று, நின்று, டக் டக் என்று இரண்டு. அப்பாவின் சத்தம் இல்லை அது. பழகாத ஒருத்தியின் சத்தம்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ரெய்மண்ட் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார், ஹெல்மெட் கையில், நெற்றியில் அது பதிந்த தடம். வீடு பூரா ஏன் ஊறுகாய் வாசனை என்று கேட்டார். என் விரலைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். காப்பி குடிச்சிட்டு வாங்களேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு எளிதான வாக்கியம். வருஷக்கணக்காகத் தினமும் சொல்லி வருகிற வாக்கியம். அதைச் சொன்னால் அவர் உள்ளே போவார், செய்தி பார்ப்பார், இருட்டும்.

"உக்காருங்க," என்றேன். "திங்கக்கிழமை நான் போறது மீட்டிங்குக்கு இல்ல."

கல் ஈரமாக இருந்தது. அவர் அதைப் பார்க்காமலே உட்கார்ந்தார். மடியில் ஹெல்மெட்டை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே நறுக்குகிற சத்தம் நின்றது, அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அந்தக் குழந்தையின் தும்மலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.